வெள்ளைக்கரை இலைகள்

வாட்சோ
13.03.2005

இஞ்சாருங்கோ,

நான் சுகமா வந்து சேர்ந்திட்டன். நீங்கள் எப்பிடி இருக்கிறியள்? பிரசர் குளிசையை மறக்காமல் எடுக்கிறியளோ?

பெரிய விமானத்தாலை இறங்கி, நீங்கள் ஓடுற பஸ்ஸை விடச் சின்ன ஒரு விமானத்திலை ஏறி வந்தனான். நோர்வேயின்ரை வடக்கு முனை எண்டு சும்மா சொல்லேல்லை. கடலும் பனியும்தான். மரம் எண்டு சொல்ல ஒண்டும் கண்ணிலை படேல்லை. முதியோர் இல்லத்திலை வேலை ஒஸ்லோவிலை செய்த அதே வேலைதான். இஞ்சை ஆக்கள் தட்டுப்பாடாம், அதாலை தங்க வீடும் தந்து நல்ல மரியாதையா நடத்தினம். "ஒஸ்லோக் குளிர் போதாதெண்டோ இஞ்சை வந்தனீ?" எண்டு எல்லாரும் கேக்கினம். சிரிச்சுப்போட்டு விடுறன்.

ரெலிபோன் வேண்டாம். ரெலிபோனிலை உங்களிட்டை "ஓம்", "இல்லை", "சரி வைக்கட்டோ" எண்ட மூண்டுதான் இருக்கு. கலியாணம் முடிஞ்ச அடுத்த மாதமே நீங்கள் நோர்வேக்கு வெளிக்கிட்டியள். நான் வந்து சேருமட்டும் கடிதத்திலைதானே குடும்பம் நடத்தினனாங்கள். அந்தக் கடிதங்களிலை எவ்வளவு கதைச்சனீங்கள்! செப்டெம்பர் கடைசி மட்டும் எனக்கு இஞ்சை வேலை. அதுவரைக்கும் எழுதுங்கோ.

ஒரு உதவி. வீட்டுக்குப் பின்னாலை, வெய்யில் படாத பக்கம், ஊசியிலை மரங்களுக்குக் கீழை என்ரை பாத்தி இருக்கு. இப்ப பனி மூடிக் கிடக்கும். வழி துப்புரவாக்கேக்கை உப்புத் தூவின பனியை அதுக்கு மேலை தள்ளிப் போடாதேங்கோ. பனி கரைஞ்ச பிறகு அதிலை மிதிக்காதேங்கோ. மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்.

சுஜானிக்கு ஒருக்கா ரெலிபோன் எடுங்கோ. பிள்ளை துரண்ட்ஹைமிலை தனியச் சமைச்சுச் சாப்பிடுது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, நேரத்துக்குப் படுங்கோ.

வசந்தமலர்


ஹொல்ம்லியா, ஒஸ்லோ
02.04.2005

அன்பு மனைவி வசந்தமலருக்கு,

நலம். நலமறிய அவா.

உமது கடிதம் கிடைத்தது. கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். குளிசை எடுக்கிறேன். பஸ் வேலை வழமைபோல் நடக்கிறது. சுஜானியுடன் கதைத்தேன். "அம்மா ஏன் அவ்வளவு தூரம் போனவா?" என்று கேட்டாள். வேலை என்று சொன்னேன். "ஒஸ்லோவில் வேலை இல்லையா?" என்றாள். படிக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

பனி கரைந்துவிட்டது. உமது பாத்தியில் ஒன்றும் இல்லை. கறுத்த மண்ணும் அழுகிய வைக்கோல் மாதிரி ஏதோவும் கிடக்கிறது. எல்லாம் குளிரில் செத்துவிட்டன என்று நினைக்கிறேன். தம்பி யோகலிங்கம் பியோர்ண்டாலில் இருந்து வந்து பார்த்தான். அதில் சீமெந்துக் கல் பதித்தால் பஸ்கூடப் பார்க் பண்ணலாம் என்கிறான். சித்திரை விடுமுறையில் இரண்டு பேருமாகச் செய்யலாம் என்று யோசனை. உமது அபிப்பிராயத்தை அறியத் தரவும்.

இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கனநேரமாகப் பேனையோடு இருக்கிறேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

இப்படிக்கு,
சோதிலிங்கம்


வாட்சோ
09.04.2005

இஞ்சாருங்கோ,

எனக்குச் சுகம். உங்கடை கடிதம் வாசிச்ச பிறகுதான் கொஞ்சம் பிரசர்.

கல்லோ? கல் பதிக்கப் போறியளோ? யோகலிங்கத்தை என்ரை பாத்திக்குக் கிட்டவும் விடாதேங்கோ! அவர் தன்ரை வீட்டு முன்முற்றத்தை முழுக்கக் கல்லாக்கி வைச்சிருக்கிறது போதும்.

அதிலை நிக்கிறது ஹொஸ்டா. ஆறு வருசமா நான் வளர்க்கிறன், உங்களுக்குப் பேர் தெரியாது. பரவாயில்லை. அது இலைக்காக வளர்க்கிற செடி. வெய்யில் இல்லாத இடத்திலை, வேறை ஒண்டும் வராத இடத்திலை, அதுதான் வரும். குளிர் வந்தால் மண்ணுக்கு மேலை உள்ளது எல்லாம் அழுகிப் போகும், வேர் கீழை கிடக்கும். மற்றச் செடியெல்லாம் தளிர்த்த பிறகும் அது வெளியிலை வராது. மே மாதம் நடுப்பகுதி மட்டும் பொறுக்கவேணும். முதல் வருசம் நானும் செத்துப் போச்செண்டு நினைச்சு, கிண்டி எறிய மண்வெட்டி கொண்டு போனனான்.

அந்த அழுகினதுகளைக் கையாலை மெல்லப் பொறுக்கி எடுங்கோ. அதுக்குள்ளைதான் நத்தை முட்டை இடும். பிறகு மக்கின இலை உரத்தை மேலாலை தூவி விடுங்கோ. மூட்டை சைக்கிள் அறையிலை இருக்கு.

இஞ்சை ஒரு கிழவர், பழைய மீன்பிடிகாரர். ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார். நான் அவருக்கு உடுப்பு மாத்தேக்கை தமிழிலை புறுபுறுத்தால் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். உங்களைப் பற்றிப் புறுபுறுக்கிறன் எண்டு அவருக்கு விளங்குது போலை.

"இப்படிக்கு" எண்டு முடிச்சிருக்கிறியள். வங்கிக்கு எழுதினமாதிரி இருக்கு. அடுத்த முறை கதைக்கிறமாதிரி எழுதுங்கோ.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

மலர்


ஹொல்ம்லியா
22.05.2005

மலர்,

சுகமா இருக்கிறீரோ? நான் சுகம்.

கதைக்கிறமாதிரி எழுதச் சொன்னீர். நான் கதைக்கிறமாதிரி எழுதினால் ஒரு வரியிலை முடிஞ்சிடும். எண்டாலும் பாக்கிறன்.

நேற்று விடிய பஸ் எடுக்கப் போகமுதல் குப்பை போட பின்னாலை போனனான். மண்ணுக்குள்ளாலை சுருட்டு! உண்மையா மலர், ஆரோ யாழ்ப்பாணச் சுருட்டைக் கட்டுக்கட்டா நட்டுவிட்டமாதிரி நிக்குது. குனிஞ்சு பார்த்தன். இலை சுருண்டு, ஒண்டுக்குள்ளை ஒண்டு. நான் பார்த்துக்கொண்டு நிண்டதிலை பஸ் பிந்திப் போச்சு. இத்தனை வருசத்திலை நான் பிந்தினதில்லை. முதல் தரிப்பிலை நிண்ட மனுசி மணிக்கூட்டைக் காட்டிச்சுது. "மன்னிக்கோணும், வீட்டிலை செடி முளைச்சிட்டுது" எண்டு சொன்னன். அவவும் ஏறி இருந்து, நகர மத்தி வரைக்கும் தன்ரை வீட்டுச் செடியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தா. பத்தொன்பது வருசமா இந்த நாட்டிலை பஸ் ஓடுறன், ஒரு சனமும் என்னோடை இவ்வளவு கதைச்சதில்லை.

இண்டைக்கு ரெண்டு மூண்டு விரிஞ்சிட்டுது. ஒண்டு பச்சை இலை, ஓரம் முழுக்க வெள்ளை. சேலைக்குக் கரை போட்டமாதிரி. இன்னொண்டு மறுவளமா, நடு வெள்ளை, ஓரம் பச்சை. மூலையிலை நிக்கிறது நீலமோ சாம்பலோ எண்டு சொல்லத் தெரியேல்லை. இவ்வளவும் எங்கடை வீட்டுக்குப் பின்னாலையோ நிண்டது?

யோகலிங்கத்திட்டைக் கல் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். கோவிச்சுக்கொண்டு போட்டான். பின்னேரமே திரும்பி வந்து புட்டுச் சாப்பிட்டான். நான் அவிச்ச புட்டு. கட்டி கட்டியா வந்தது. நீர் எப்பிடி மா குழைக்கிறனீர்?

எழுதும்.

சோதி


வாட்சோ
03.06.2005

இஞ்சாருங்கோ,

நான் நல்ல சுகம். உங்கடை கடிதத்தை வேலையிலை ஒருக்கா, வீட்டிலை ரெண்டுதரம் வாசிச்சன். சுருட்டு எண்டது சரியான சொல்லு. எனக்கு இத்தனை வருசமா வரேல்லை.

புட்டு மாவுக்குச் சுடுதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ. நீங்கள் அவசரத்திலை ஒரேயடியா ஊத்தியிருப்பியள்.

இஞ்சை இப்ப சூரியன் மறையிறதே இல்லை. நித்திரைக்குக் கறுத்த திரை போட்டிருக்கிறன். வேலை முடிஞ்சு கடற்கரையாலை நடக்கிறன். ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை, ஒருத்தரும் "எங்கை போனனீர்?" எண்டு கேக்கிறதில்லை. அது நல்லாயும் இருக்கு, நல்லா இல்லாமலும் இருக்கு.

ஏன் இஞ்சை வந்தனான் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. சுஜானி படிக்கப் போன பிறகு எங்கடை வீட்டிலை ரிவி மட்டும்தான் கதைச்சது. நீங்கள் வேலையாலை வருவியள், சாப்பிடுவியள், ரிவிக்கு முன்னாலை நித்திரை. சண்டை பிடிச்சிருந்தாலும் பரவாயில்லை எண்டு எனக்கு இருந்தது. சண்டைக்கும் நாங்கள் கதைக்கவேணுமே. இதுக்கு மேலை இப்ப எழுதேல்லை.

செடிக்கு வாறன். நடு வெள்ளை இலை எண்டு சொன்னனீங்களே, அதுதான் என்ரை செல்லம். வலு மெல்லிசு. அதின்ரை தூரிலை முழுப் பச்சையா ஒரு தண்டு வரும். போன வருசமும் வந்தது. அது கெதியா வளந்து மற்றதை விழுங்கிப் போடும். பிறகு வெள்ளையே வராது. அந்தப் பச்சைத் தண்டை வேரோடை பிரிச்சு எடுத்துப்போடுங்கோ. கூரான கத்தி பாவியுங்கோ.

தண்ணி இலைக்கு மேலாலை ஊத்தாதேங்கோ, தூருக்கு விடுங்கோ. ஓடில்லாத மண்ணிற நத்தை இனித்தான் வரும். அதுக்கு ஹொஸ்டா எண்டால் கலியாணச் சாப்பாடு.

உங்கடை உடம்பும் சுகமா இருக்கட்டும்.

மலர்


ஹொல்ம்லியா
19.06.2005

மலர்,

சுகம்தானே? இஞ்சை மழை. மழை எண்டால் நத்தை.

எவ்வளவு நத்தை! வெளிச்சம் கனநேரம் இருக்கிறபடியாலை வேலையாலை வந்து சாப்பிட்டுப்போட்டு வாளியோடை வெளிக்கிடுறன். இடுக்கியாலை பிடிச்சு உப்புத் தண்ணிக்குள்ளை போடுறன். பாவம் எண்டுதான் முதல் நினைச்சன். வெள்ளைக்கரை இலையைச் சல்லடையாக்கினதைப் பார்த்த பிறகு பாவம் புண்ணியம் எல்லாம் போட்டுது. குனிஞ்சு நிமிரேக்கை மூச்சு வாங்குது. வயசு.

பச்சைத் தண்டைப் பற்றி. கத்தியோடை போய் அதுக்கு முன்னாலை இருந்தன். முழுப் பாத்தியிலும் அதுதான் வாட்டசாட்டமா நிக்குது. சுகமா நிக்கிறதை எடுத்து எறி எண்டு நீர் சொல்லுறீர், வெட்ட மனம் வரேல்லை. கடைசியிலை வேரோடை பிரிச்சன். ஆனால் எறியேல்லை. பெரிய மரத்துக்குப் பின்னாலை தனியா நட்டுவிட்டிருக்கிறன். ஏசாதையும்.

உம்மடை கடிதத்திலை நடுவிலை எழுதினதுக்கு மறுமொழி எழுத நாலுதரம் இருந்தன். ஒண்டு மட்டும் எழுதுறன். வேலையாலை வரேக்கை என்ரை வாயிலை சொல்லு ஒண்டும் மிச்சம் இருக்கிறதில்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். இப்ப பார்த்தால், பஸ்ஸிலை நான் நாள் முழுக்க ஒண்டுமே கதைக்கிறதில்லை. அப்ப அந்தச் சொல்லெல்லாம் எங்கை போனது? எனக்கும் தெரியேல்லை.

ரிவி இப்ப போடுறது குறைவு. நத்தை விடாது.

நீர் கடற்கரையாலை நடக்கேக்கை தொப்பி போடும்.

சோதி


வாட்சோ
14.07.2005

இஞ்சாருங்கோ,

எப்பிடிச் சுகம்? நான் இருக்கிறன்.

போன மாதக் கடைசியிலை ஒரு கடிதம் போட்டனான். கிடைச்சதோ? மறுமொழி காணேல்லை. கோடை விடுமுறைக்கு வேறை ஆக்களின்ரை பஸ்ஸையும் நீங்கள்தான் ஓடுறியள் போலை. இல்லையெண்டால் நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ எண்டு அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி நினைச்சுப் பாக்கிறன்.

இந்த மாதம் ஹொஸ்டா பூக்கத் துவங்கும். நீட்டுத் தண்டிலை மணிமணியாத் தொங்கும். சில ஆக்கள் இலைதான் வடிவெண்டு பூத்தண்டை வெட்டிப்போடுவினம். நான் வெட்டுறதில்லை.

இன்னொரு விசயம். இஞ்சை என்னை நிரந்தரமா நிக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?

ரெண்டு வரியெண்டாலும் எழுதிப் போடுங்கோ.

மலர்


ஹொல்ம்லியா
31.07.2005

அன்பு மனைவி வசந்தமலருக்கு,

நலம். நலமறிய அவா.

உமது இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை கூடியதால் மறுமொழி எழுதப் பிந்திவிட்டது. நீர் பிழையாக ஒன்றும் எழுதவில்லை. அப்படி நினைக்க வேண்டாம்.

செடிகள் எல்லாம் நன்றாக நிற்கின்றன. பூத்திருக்கின்றன. பூக்கள் வெள்ளை வெளேரென்று மிகவும் வடிவாக இருக்கின்றன. ஒழுங்காகத் தண்ணீர் விடப்படுகிறது.

நிரந்தர வேலை பற்றிக் கேட்டிருந்தீர். உமக்கு எது விருப்பமோ அதைச் செய்யும். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. சுஜானியும் சுகம்.

கையெழுத்து வடிவில்லை, குறை நினைக்க வேண்டாம். மேசை ஆடுகிறது.

அன்புடன்,
சோதிலிங்கம்


வாட்சோ
08.08.2005

இஞ்சாருங்கோ,

உங்கடை சுகத்தை நான் கேக்கேல்லை. எனக்குத் தெரியும்.

எங்கடை பாத்தியிலை வெள்ளைப் பூ ஒண்டும் இல்லை. எல்லாம் வெளிறின ஊதா. பார்த்த ஆள் வெள்ளையெண்டு எழுதமாட்டுது. அதோடை, மழை மாதத்திலை நத்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "நலமறிய அவா" திரும்பியும் வந்திட்டுது. கடிதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு, இந்த மனுசன் பாத்திப் பக்கம் போகேல்லை, ஏன் போகேல்லை எண்டு யோசிச்சன். உடனை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தன். ஒருத்தரும் எடுக்கேல்லை. பிறகு யோகலிங்கத்துக்கு எடுத்தன்.

"அண்ணி, அவர் சுகமா இருக்கிறார்" எண்டார். "அப்ப ஏன் வீட்டிலை ரெலிபோன் எடுக்கிறார் இல்லை?" எண்டு கேட்டன். அவ்வளவுதான். அந்த மனுசன் விம்மி விம்மி எல்லாத்தையும் சொல்லிப்போட்டுது. கடைசித் தரிப்பிலை பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு ஸ்ரியரிங்கிலை சாய்ஞ்சது, பின்னாலை இருந்த பெட்டை அம்புலன்ஸுக்கு ரெலிபோன் எடுத்தது, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தது, எனக்குச் சொல்லக் கூடாதெண்டு நீங்கள் தன்னிட்டைச் சத்தியம் வாங்கினது, இப்ப தங்கடை வீட்டிலை தன்ரை மனுசி கனகம்மா கஞ்சி காய்ச்சித் தாறது. உங்கடை மேசை ஆடேல்லை. உங்கடை கை ஆடினது.

உடுப்பு அடுக்கிற அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு நல்லா அழுதன். பிறகு விமானச் சீட்டுக்கு ரெலிபோன் எடுத்தன். மற்றப் பக்கத்திலை சீட்டுப் போடுற பெட்டை "எண்டைக்குப் போகவேணும்?" எண்டு கேக்க, எனக்கு உங்களிலை கோவம் வந்திட்டுது. வைச்சிட்டன்.

உயிர் போற நேரத்திலை பக்கத்திலை நிக்கத் தேவையில்லாத ஆளோ நான்? முன்பின் தெரியாத சனத்தின்ரை கையை நான் இஞ்சை ஒவ்வொரு நாளும் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். உங்கடை கையை ஆர் பிடிச்சது?

ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு எழுதுங்கோ. ரெலிபோன் எடுக்காதேங்கோ. ரெலிபோனிலை எண்டால் தப்பிவிடுவியள்.

வசந்தமலர்


பியோர்ண்டால், யோகலிங்கம் வீடு
15.08.2005

மலர்,

நான் தப்பிவிட்டன். டொக்டர் அப்பிடித்தான் சொல்லுறார். நடக்கிறன், சாப்பிடுறன், கனகம்மாவின்ரை கஞ்சி உறைப்பில்லை. பாரம் தூக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது. மிச்சமெல்லாம் சரி.

கையை ஒரு நர்ஸ் பிடிச்சா. உம்மைப்போலை ஒரு ஆள்தான். நித்திரை மருந்து தாறதுக்கு முன்னம் "வீட்டிலை ஆருக்குச் சொல்லவேணும்?" எண்டு கேட்டா. உம்மடை பேர் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிப்போட்டன். யோகலிங்கத்தின்ரை நம்பரைக் குடுத்தன்.

ஏனெண்டு கேட்டீர். சொல்லுறன். எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டு அறிஞ்சால் நீர் அண்டைக்கே ஓடி வந்திருப்பீர். அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. வந்து குளிசை தந்து, கஞ்சி காய்ச்சி, முதுகு துடைச்சு, பிறகு போகாமலே நிண்டிருப்பீர். வருத்தக்காரனை விட்டிட்டுப் போக உமக்கு ஏலாது. நீர் எனக்காக வந்தனீரோ வருத்தத்துக்காக வந்தனீரோ எண்டு சாகுமட்டும் எனக்குத் தெரிய வந்திராது. கடற்கரையாலை நடக்கிறன் எண்டு எழுதின ஆளை நான் ஒரு நெஞ்சுக்குத்தைக் காட்டி இழுத்து வரக் கூடாதெண்டு நினைச்சன். பிழையோ சரியோ தெரியாது. அந்தக் கட்டிலிலை கிடக்கேக்கை அது மட்டும்தான் எனக்கு விளங்கின ஒண்டு.

நிரந்தர வேலை பற்றி நீர் எழுதின கடிதத்தை யோகலிங்கம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வந்து தந்தவன். "உமக்கு எது விருப்பமோ அதைச் செய்யும்" எண்டு எழுதினன். அது பொய். எனக்கு விருப்பமில்லை. நீர் அங்கை நிண்டுவிடுறது எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. அதையும் இப்ப எழுதிப்போட்டன்.

நேற்று யோகலிங்கம் என்னைக் காரிலை ஹொல்ம்லியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். மலர், நான் என்னெண்டு சொல்லுறது. காட்டுக்குள்ளாலை மான் இறங்கி எல்லாத்தையும் திண்டுபோட்டுது. வீட்டிலை ஆள் இல்லாத துணிவு. பூவுமில்லை, இலையுமில்லை, விளக்குமாறு நட்டமாதிரி வெறும் காம்பு. உம்மடை செல்லத்தின்ரை இடத்திலை காம்பும் இல்லை. எனக்கு நெஞ்சு நோகேல்லை, ஆனால் அங்கை கதிரை போட்டு இருந்திட்டன். யோகலிங்கம் பயந்து போனான்.

சுஜானிக்கு இண்டைக்குத்தான் சொன்னன். ஏசிப்போட்டு அழுதாள். நீரும் ஏசும். நியாயம் இருக்கு.

உம்மடை சுகத்தை எழுதும்.

சோதி


வாட்சோ
24.08.2005

இஞ்சாருங்கோ,

எனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லை. உங்கடை கடிதத்தை மூண்டு நாளா பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறன்.

ஏசுறதுக்கு எழுதத் துவங்கினனான். ரெண்டு பக்கம் ஏசியும் போட்டன். பிறகு அதைக் கிழிச்சுப்போட்டன். "எனக்கு விருப்பமில்லை" எண்டு நீங்கள் எழுதின இடத்துக்கு வந்தால் கோவம் நிக்குதில்லை. இருபத்திரண்டு வருசக் கலியாணத்திலை உங்களுக்கு ஒண்டு வேணும் எண்டு நீங்கள் என்னிட்டைச் சொன்னது இதுதான் முதல்தரம். "சோறு போடட்டோ?" எண்டு கேட்டாலும் "உமக்கு வசதியெண்டால்" எண்டு சொல்லுற ஆள் நீங்கள்.

மான் திண்டால் திண்டுபோட்டுப் போகட்டும். வேரைத் தின்னாது. இப்ப ஒண்டும் செய்யவேண்டாம், தண்ணி மட்டும் விடச் சொல்லுங்கோ. அந்த நடு வெள்ளை வராமலும் விடலாம். அது எப்பவுமே நோஞ்சான். வராட்டி எனக்குக் கவலையா இருக்கும், ஆனால் அதுக்காக நீங்கள் கதிரை போட்டு இருக்கவேண்டாம்.

இனி நான் சொல்லுறதை நிதானமா வாசியுங்கோ. நான் வரேல்லை. வருத்தம் பார்க்க வரவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். நான் இஞ்சை நாள் முழுக்க வருத்தம் பாக்கிறன். அதுக்காக அங்கை வரேல்லை.

நீங்கள் வாங்கோ.

டொக்டரிட்டைக் கேளுங்கோ. விமானம் ஏறலாம் எண்டு சொன்னால் மட்டும் வாங்கோ. உங்களுக்குத்தான் சுகயீன விடுப்பு இருக்கே. நான் இருக்கிற இடம், நடக்கிற வழி, வேலை செய்யிற வீடு ஒண்டும் உங்களுக்குத் தெரியாது. அங்கை இருந்த காலத்திலையும் நான் எங்கை வேலை செய்தனான் எண்டு நீங்கள் வந்து பார்த்ததில்லை. நானும் உங்கடை பஸ்ஸிலை ஏறினதில்லை, அதுவும் சரிதான்.

நிரந்தர வேலைக்குச் செப்டெம்பர் கடைசியிலை மறுமொழி சொல்லச் சொல்லி இஞ்சை கேட்டவை. "என்ரை மனுசன் வந்து பார்க்கட்டும், பிறகு சொல்லுறன்" எண்டு சொல்லியிருக்கிறன். என்ன மறுமொழி எண்டு எனக்கே இன்னும் தெரியாது. உண்மையைச் சொல்லுறன்.

குளிர் உடுப்புக் கொண்டுவாங்கோ. கறித்தூளும்.

மலர்


ஹொல்ம்லியா
02.09.2005

மலர்,

வீட்டுக்கு வந்திட்டன். படி ஏறி இறங்குறன், மூச்சு வாங்கேல்லை. டொக்டர் என்னைச் சோதிச்சுப்போட்டு, "ஏன் வடக்கை போறீர், அங்கை என்ன இருக்கு?" எண்டு கேட்டார். "என்ரை மனுசி" எண்டு சொன்னன். உடனை கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வாற வெள்ளிக்கிழமை வாறன். சின்ன விமானத்துக்கும் சீட்டு எடுத்தாச்சு. யோகலிங்கம் பெட்டியை ஏத்தி விடுவான், அங்கை இறக்கித் தர ஆள் கேக்கலாமாம். கனகம்மா கறித்தூள் வறுத்துத் தந்திருக்கிறா. வீடு முழுக்க மணக்குது.

விமான நிலையத்துக்கு நீர் வரவேண்டாம். வெள்ளிக்கிழமை உமக்குப் பகல் வேலை எண்டு நினைக்கிறன். வேலையை விட்டிட்டு ஓடி வராதையும். டாக்சி பிடிச்சு வாறன்.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. ஆசையைச் சொல்லலாம் எண்டு போன கடிதத்திலை துணிவு வந்திட்டுது, அதாலை இதையும் சொல்லுறன். எங்களுக்குக் கலியாணம் பேசித்தானே செய்தவை. மற்றப் பெடியங்களைப்போலை நான் ஒருநாளும் ரியூசன் வாசலிலையோ பஸ் தரிப்பிலையோ உமக்காகக் காத்து நிண்டதில்லை. அந்த முதியோர் இல்லத்துக்கு ஒரு வாசல் இருக்கும்தானே. உமக்கு வேலை முடியிற நேரத்துக்கு நான் அதிலை வந்து நிக்கிறன். குளிரெண்டாலும் உள்ளை வரமாட்டன். நீர் மற்ற ஆக்களோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு வெளியிலை வாறதைத் தூரத்திலை நிண்டு ஒருக்காப் பார்க்கவேணும்.

ஆர் இந்த ஆள் எண்டு அவை கேட்டால், என்ன சொல்லுறதெண்டு நீரே முடிவெடும்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் சுகமா இரும்.

சோதி